கில்லாரி வாசம், டாங்கி வாசம்

என் செல்ல மகளுக்கு,

வாப்பா எழுதுகிறேன். ஆண்டவன் உன்னையும் மாப்பிள்ளையையும் என் பேத்தியையும் நீங்கள் புதுக் கடை போடப் போகும் நாசிக்கில் நல்லபடியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். உம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு டப்பாவுக்குள் இந்தக் கடிதத்தை வைத்தது நான்தான். அவளுக்குத் தெரியாது. வண்டி கல்யாண் தாண்டுவதற்குள் நீ டப்பாவைத் திறந்துவிடுவாய் என்பது எனக்குத் தெரியும். முறுக்கைத் தின்னு, கடிதத்தை மட்டும் கசாரா மலை ஏறும்போது பிரி. அங்கே ரயிலும் மெதுவாகத்தான் போகும், உனக்கும் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், இரண்டும் சரியாக இருக்கும். உன்னைத் தாராவியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, "பம்பாயில இருந்துக்கிட்டு இவ தமிழப் படிச்சு என்னவே பண்ணப்போறா?" என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் என்னைக் கேலி செய்தார்கள். இன்றைக்கு அது உதவுகிறது. நான் எழுதுவதை உன் புகுந்த வீட்டில் ஒருத்தராலும் வாசிக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை பயணம் சொல்ல வந்தவள், சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு அந்தப் பழைய கதையை மறுபடி எடுத்தாய். "வாப்பா மூக்க நான்தான் சாம்பிராணி போட்டுக் கவுத்தேன்" என்றாய். மாப்பிள்ளை சிரித்தார். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நான் ஊருக்குப் போறதுக்குள்ள சயான் ஆஸ்பத்திரியில மூக்கக் காட்டிருங்க வாப்பா, அதுக்கும் மருந்து இருக்காம்" என்றாய். நானும்தான் சிரித்தேன். பம்பாயில் டிராம் நின்றுபோன வருஷத்தில் உன் கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன். கறிக்கடைக்காரனின் மூக்கு செத்துப்போன கதை தாராவியில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். நீ மட்டும் சரியான கதை தெரியாமல் நாசிக் போய் இறங்கக் கூடாது என்று எனக்குப் பட்டது.

கதைக்கு முன்னால் மாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கறிக்கடைக்காரன் மகளாகப் பிறந்தும் நீ கறியைத் தின்றிருக்கிறாயே தவிர, அதை மோந்து பார்த்ததில்லை. பாந்திராவில் மாடு அறுக்கும் கொட்டடிக்கு வருவதெல்லாம் உழவிலும் வண்டியிலும் உழைத்து ஓய்ந்த காளைகள். அதில் எனக்குக் குறையே கிடையாது. உழைத்த மாட்டுக்குத்தான் வாசம். தின்றுவிட்டுத் தூங்கின மாடு பல்லுக்கு மெத்தென்று இருக்கும், மூக்குக்கு ஒன்றும் சொல்லாது. கட்டைவிரல் நுனி அளவு கொழுப்பைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேய்க்க வேண்டும். கைச்சூட்டில் அது உருகி வரும்போது மோந்தால், அந்த மாடு எந்த மண்ணில் நின்றது, என்ன தின்றது, எப்படி உழைத்தது எல்லாம் தெரிந்துவிடும். கொழுப்பு வெள்ளையாக இருந்தால் எருமை. மோந்து பார்க்கவே வேண்டாம், கடைக்காரனோடு சண்டை போட்டால் போதும். மஞ்சளாக இருந்தால் மாடு.

மாட்டிலும் எத்தனை விதம்! குஜராத்திலிருந்து வரும் கீர் மாடு சிவப்பாக, நெற்றி புடைத்து, காது வெற்றிலைபோலத் தொங்கிக்கொண்டு, பார்க்க அவ்வளவு அழகு. பால்மாட்டு வம்சம் என்பதால் கறியிலும் ஒரு பால் வாடை இருக்கும். காய்ச்சலில் கிடக்கிறவனுக்கு சூப்பு வைக்கலாம், கல்யாண விருந்துக்கு ஆகாது. தேவணி மாடு கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். யாரோடும் சண்டைக்குப் போகாத நல்ல மனுஷனைப்போல அதன் கறி. குறை சொல்லவும் முடியாது, கூப்பிட்டுப் பாராட்டவும் தோன்றாது. கில்லாரி இருக்கிறதே, அதுதான் என் மாடு. சோலாப்பூர், சாங்லிப் பக்கத்து வறண்ட பூமியிலிருந்து வரும். வெள்ளை உடம்பு, பின்னால் சாய்ந்த நீளக் கொம்பு, ஓட்டத்துக்கென்றே செய்துவைத்த கால்கள். கொழுப்பு கொஞ்சம்தான், அதுவும் கெட்டியாக இருக்கும். ஆனால் உள்ளங்கையில் அது உருகும்போது, வெயிலில் காய்ந்த சோளத்தட்டையை ஒடித்த மாதிரி ஒரு வாசம் முதலில் வரும். அதற்குப் பின்னாலேயே கருப்பட்டிப் பாகு காய்கிற வாசம் வரும். மேலப்பாளையம் சந்தையில் காங்கேயம் காளைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். காங்கேயமும் கில்லாரியும் தூரத்துச் சொந்தம் என்று மாட்டு வியாபாரிகள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதற்கு முன்பே என் மூக்கு சொல்லிவிட்டது. பாந்திராவில் முதன்முதலாக ஒரு கில்லாரியின் கொழுப்பைத் தேய்த்து மோந்த அன்று, இந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது.

இனி டாங்கி. நீ இப்போது அந்த மாட்டின் நாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறாய். வெளியே எட்டிப் பார், இகத்புரி தாண்டினால் வயலில் நிற்கும். அந்த மலையில் கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே சேற்று வயலில் உழைக்கிற மாடு. அதன் தோலில் ஒரு எண்ணெய் கசியும், மழைத்தண்ணீர் மேலே தங்காது. கறி கருஞ்சிவப்பு, நார் தடிப்பு, கொழுப்பு நல்ல மஞ்சள். வாசமோ, மழை விட்டதும் பச்சைப்புல்லை மிதித்தால் வருமே, அது. கூடவே அந்தத் தோல் எண்ணெயின் நெடியும் கொஞ்சம். அறியாதவன் மோந்தால் கறி கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பான். நம் ஊர் ஆட்கள் பம்பாய்க்கு வந்த புதிதில் எல்லோரும் செய்கிற தப்பு இதுதான். டாங்கிக் கறியை வாங்கிவந்து, மஞ்சள் போட்டுக் கழுவி, மறுபடி கழுவி, மசாலாவை இரண்டு பங்காக அரைத்துக் கொட்டி, கடைசியில் மசாலாவை மட்டும் தின்பார்கள்.

உன் உம்மா அதற்கும் ஒரு படி மேலே போனாள். குர்லாவில் கறிக்கடை வைத்திருக்கும் கொங்கணி வீட்டுப் பையன், என் கடைக்கு அடிக்கடி வந்து போகிறவன், பக்ரீதுக்கு ஒரு டாங்கித் தொடைக்கறியைக் கொண்டுவந்து கொடுத்தான். அவன் ஏன் அடிக்கடி வருகிறான் என்பதும், அவன் வந்திருக்கும் நேரமாகப் பார்த்து நீ ஏன் எனக்குச் சோறு கொண்டுவருகிறாய் என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. உம்மா பொட்டலத்தைப் பிரித்தாள், மோந்தாள், முகத்தைச் சுளித்தாள். "அழுகுன கறியக் குடுத்திருக்கானே இந்தப் பய!" என்று தெரு நாய்க்குப் போட்டுவிட்டாள். அது குர்லா வரைக்கும் போய்விட்டது. யார் போய்ச் சொன்னது என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. நாய் சொல்லியிருக்காது.

அடுத்த வாரமே அந்தப் பையனின் தாயார் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். உன் மாமியார்தான். அன்றைக்கு எனக்கு அவர் யாரோ. புருஷன் மவுத்தான பிறகு கடையை மூடாமல், உள்ளே பலகையில் உட்கார்ந்து கறியைத் தானே தரம் பிரித்து நடத்தி வந்த பெண்பிள்ளை. குர்லாவில் எல்லோரும் அவரை ஆபா, நம் பேச்சில் அக்கா, என்று கூப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார். ஜமாஅத் ஆட்கள் இரண்டு பேர் என்னோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆபா ஹிந்தியில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"பாய், ரெண்டு விஷயம். என் மாட்ட நாய்க்குப் போட்டீங்களாமே, அது ஒண்ணு. உங்க பொண்ண என் பையனுக்குக் கேக்கணும், அது ரெண்டு. எத முதல்ல பேசலாம்?"

டீ எனக்குப் புரையேறிவிட்டது. எனக்கு இரண்டையும் பேச இஷ்டமில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பையன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குப் பயம்தான். நீ அந்த வீட்டுக்குப் போனால் வாய் திறந்து தமிழில் ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. தலைவலித்தால் அதை ஹிந்தியில்தான் சொல்ல வேண்டும், அழுதாலும் ஹிந்தியில்தான் அழ வேண்டும். இதை ஒரு ஆம்பளை நாலு பேர் முன்னால் சொல்வானா? அதனால் மாட்டைச் சொன்னேன். "உங்க மாட்டு வாசம் வேற, எங்க மாட்டு வாசம் வேற. ஒரே அடுப்புல வேகாது ஆபா" என்றேன். அவர் விடவில்லை. "மசாலா போட்டா ரெண்டும் ஒண்ணுதான் பாய்" என்றார். என் மூக்கைப் பற்றி என்னிடமேவா? எனக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்று, என் ஓட்டை ஹிந்தியில் முழங்கினேன்: "டாங்கி எது, கில்லாரி எதுன்னு என் மூக்குக்குத் தெரியாமப் போற அன்னைக்கு வாங்க, பொண்ணத் தாரேன்!"

அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்கிற மாதிரி, நடக்காத காரியம் என்று நினைத்துச் சொன்ன வார்த்தை. ஆபா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"பக்கா?" என்றார்.

"பக்கா" என்றேன்.

"அப்போ ஞாயித்துக்கிழம வர்றேன். ரெண்டு மாட்டுலயும் ஒரே இடத்துக் கறி, தொடைக்கறி. உப்பும் தண்ணியும் தவிர ஒண்ணும் கிடையாது. உங்க வீட்டுலயே நான் சமைக்கிறேன், உங்க வீட்டம்மா பக்கத்துல இருக்கட்டும். நீங்க கண்ணக் கட்டிக்கிட்டு உங்க மாடு எதுன்னு சொல்லுங்க. சரியாச் சொன்னா இந்தப் பேச்ச நான் மறுபடி எடுக்க மாட்டேன்." சொல்லிவிட்டு, டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார். ஜமாஅத் ஆட்கள் இரண்டு பேரும் சாட்சி.

அவர் போனதும் உம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "வாயக் குடுத்து மாட்டிக்கிட்டிய! செயிச்சிட்டு என்ன பண்ணப்போறிய? பிள்ள மொகத்தப் பாத்தியளா?" பார்த்தேன். நீ கதவுத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தாய். நீ சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த வாரம் முழுக்கச் சோறு போட்டாய், தண்ணீர் வைத்தாய், என் முகத்தைப் பார்க்காமல். என் மூக்கு தப்பாது என்று உன்னைவிட அறிந்தவர் யார்? சின்னப்பிள்ளையில், நீ பக்கத்து வீட்டில் எதைத் தின்றுவிட்டு வந்தாலும் வாயை மோந்து சொல்லிவிடுவேனே.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. நான் கடையிலிருந்து கில்லாரித் தொடைக்கறியோடு வீட்டுக்கு வருகிறேன், வீடு தெரியவில்லை. ஒரே புகை. நம் வீட்டில் வியாழக்கிழமை அந்தியில் மகரிபுத் தொழுகைக்கு ஒரு கரண்டி சாம்பிராணி போடுவதுதான் பழக்கம். நீ ஞாயிறு காலையில் ஒரு சட்டி நிறையப் போட்டிருந்தாய். உம்மா ஒரு மூலையில் இருமிக்கொண்டிருந்தாள். தன் கறியோடு வந்த ஆபா வாசலில் கண்ணீர் வடிய நின்றார்.

"என்னளா, வீட்டக் கொளுத்தப் போறியா?" என்றேன்.

"கொசு வாப்பா."

"காலையிலயா கொசு?"

"பம்பாய்க் கொசு வாப்பா, அது நேரங்காலம் பாக்காது."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்துகொண்டேன். அடி பைத்தியக்காரப் பிள்ளையே, உப்புத் தோலும் தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டியும் நாறுகிற இந்தத் தாராவிக் காற்றில் உட்கார்ந்து, எந்தக் கறி காலையில் வந்தது, எந்தக் கறி நேற்றையது என்று சொல்லி வியாபாரம் பண்ணுகிறவன் நான். சாம்பிராணிக்கு மசிகிற மூக்கா இது? நீ என்ன செய்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பையன்மேல் நீ எவ்வளவு ஆசை வைத்திருக்கிறாய் என்பது எனக்கு முதன்முதலாகத் தெரிந்ததும் அந்தப் புகையில்தான்.

ஆனாலும் விட்டுக்கொடுக்க நான் நினைக்கவில்லை. குழாயடியில் உட்கார்ந்தபோதும் ஜெயிப்பதாகத்தான் இருந்தேன். கில்லாரி கெடுத்தால் கெட்டுவிடுகிற கறி என்பதுதான் என் ஒரே கவலை. டாங்கியைத் தளதளவென்று கொதிக்கவிடலாம். கொழுப்பு உருகி அதுவே கறியைக் காப்பாற்றும். கில்லாரியை அப்படிக் கொதிக்கவிட்டால் கயிறாகிவிடும், வாசம் ஆவியோடு போய்விடும். பச்சைத் தண்ணீரில் போட்டு, நுரையை வழித்து வழித்து எடுத்து, தீயே இல்லாத மாதிரித் தீயில், உப்பைக் கடைசியில் போட்டு வேகவைக்க வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும். எனக்கே அந்தப் பொறுமை கிடையாது, பாதியில் அடுப்பை ஊதிவிடுவேன். ஆபா ஒன்றும் பெரிய சூது செய்ய வேண்டியதில்லை. இரண்டு சட்டிக்கும் ஒரே தீ வைத்தால் போதும், என் மாடு செத்தது. "ஒரே மாதிரிதானே சமைத்தேன்" என்று நியாயமும் பேசலாம். அப்படித்தான் செய்வார் என்று நான் எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தேன். ஜமாஅத் ஆள் ஒருவர் துண்டால் என் கண்ணைக் கட்டினார். திரைக்குப் பின்னால் உன் வளையல் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. முதல் கிண்ணத்தின் மூடியை எடுத்தார்கள். டாங்கி. இதற்கு மூக்குகூட வேண்டாம். மழை, பச்சைப்புல், சேறு. நன்றாகவே வெந்திருந்தது, நல்ல கறி, மரியாதையான கறி. அடுத்த கிண்ணத்தின் மூடியை எடுத்தார்கள்.

மகளே, நான் கறி மோந்த காலத்தில் அப்படி ஒரு கில்லாரி வாசம் என் மூக்குக்கு வந்ததில்லை. முதலில் சோளத்தட்டை, அதன் பின்னால் கருப்பட்டி. அதற்கும் பின்னால், நான் மேலப்பாளையத்தை விட்டு வந்தபிறகு ஒருநாளும் மோந்திராத ஒன்று, வெயிலில் நின்றுவிட்டு வருகிற காளையின் முதுகில் முகத்தை வைத்தால் வருமே, அந்த வாசம். ஒரு துண்டை வாயில் வைத்தார்கள். பூப்போலக் கழன்றது. நுரை வாடை கிடையாது, அடிப்பிடித்த வாடை கிடையாது. உப்பு கடைசியில்தான் போட்டிருந்தது. தன் மாட்டுக்கு ஒரு தீயும் என் மாட்டுக்கு ஒரு தீயும் வைத்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. தோற்பதற்கென்றே சமைத்த மாதிரி இருந்தது. யார் வீட்டு மாடோ, தன் வாயில் ருசிக்காத மாடோ, அதற்கு என்ன தேவை என்று மோந்து பார்த்துக் கண்டுபிடித்து, அதற்கு வேண்டிய தீயில், அதற்கு வேண்டிய நேரம் உட்கார்ந்து வேகவைத்திருக்கிறார். அந்தத் துண்டுக்குள் என் கண் நனைந்துவிட்டது. கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்தால் எனக்குப் பொறாமை வரும், உனக்குத் தெரியும். அன்று வரவில்லை. இந்தப் பெண்பிள்ளையின் கையில் என் மகளைக் கொடுத்தால் என்ன என்றுதான் வந்தது. அடுத்த வீட்டு மாட்டையே அதன் குணம் பார்த்து நடத்துகிறவர், அடுத்த வீட்டுப் பிள்ளையை நடத்த மாட்டாரா?

"எது பாய் உங்க மாடு?" என்றார் ஆபா.

நான் முதல் கிண்ணத்தின்மேல் கையை வைத்தேன். "இதுதான் என் மாடு" என்றேன்.

"நல்லா மோந்து பாரும்வே, அவசரப்படாதீரும்" என்றார் ஜமாஅத் ஆள். எனக்காக அவருக்கே வெட்கமாக இருந்தது பாவம். மறுபடி மோந்தேன். மறுபடி அதையே சொன்னேன். துண்டை அவிழ்த்தார்கள். நீ திரையை விலக்கிக்கொண்டு நின்றாய். அந்த முகத்துக்காக இன்னும் பத்து மூக்கைக் கொடுக்கலாம். உம்மா அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. ஆபா மட்டும் சிரிக்கவில்லை. மூடியை எடுத்து கில்லாரிக் கிண்ணத்தை மெதுவாக மூடினார். என் கண்ணைப் பார்த்து, "பக்கா?" என்றார். "பக்கா" என்றேன்.

அன்று சாயங்காலம் உம்மா தானாகவே சொன்னாள், நான் கேட்கவில்லை. "அந்தப் பொம்பள ஒங்க சட்டிக்கு அடியில கெடந்த கரிய இடுக்கியால ஒண்ணு ஒண்ணா வெளிய எடுத்துப்போட்டாவ. அப்படியே பக்கத்துலயே உக்காந்துட்டாவ. கரண்டியால நொரைய வழிக்கதும், மோந்து பாக்கதும், அதே வேலதான். அவிய சட்டிய அவிய திரும்பிக்கூடப் பாக்கல." பெருமூச்சு விட்டாள். "அந்த பக்ரீது கறிய நாய்க்குப் போட்டிருக்கக் கூடாது." இப்போது அவள் டாங்கிக் கறியில் தால்ச்சா வைத்தால் தெருவே வந்து நிற்கிறது, அது வேறு கதை.

உன் நிக்காஹுக்கு நான் டாங்கி மாடு வாங்கினேன், உனக்குத் தெரியும். வந்தவர்களெல்லாம் கேலி செய்தார்கள், மூக்கு போனவன் வாங்கிய மாடு என்று. மறுநாள் குர்லாவில் மாப்பிள்ளை வீட்டு வலிமா விருந்து. நீ உள்ளே பெண்களோடு இருந்தாய். பந்தியில் என் முன்னால் நெய்ச்சோற்றை வைத்து, கறிச்சட்டியின் மூடியை எடுத்தார்கள். கில்லாரி. அவர்கள் ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள், கொழுப்பே இல்லையே, இது என்ன மாடு என்று. ஆபா பந்திக்கே வந்து என் முன்னால் நின்றார். "எப்படி இருக்கு பாய்?" என்றார். "மூக்குதான் போயிடுச்சே ஆபா, எனக்கென்ன தெரியும்?" என்றேன். அவர் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். என் தட்டில் இரண்டு கரண்டி கறியைப் போட்டார். பிறகு குனிந்து, ஒருத்தருக்கும் கேட்காமல், தமிழில் சொன்னார்.

"பயம் வேணாம் பாய்."

நான் பயந்தது என் வாயிலிருந்து வந்ததே இல்லை. உன் உம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. மாட்டை வைத்துப் பேசினதிலிருந்தே அதை அவர் மோந்து பிடித்திருக்கிறார். என்னைப்போல அவருக்கும் மூக்கு. கல்யாணத்தன்று, "டரோ மத்" என்பதற்குத் தமிழில் என்னவென்று உன்னிடம் யாரோ கேட்டிருப்பார்களே, யோசித்துப் பார்.

அவ்வளவுதான் கதை. என் பொய்யை ஆண்டவன் மன்னிப்பான், அவனுக்கும் பெண்பிள்ளைகளைத் தெரியும். நஷ்டம் என்று பார்த்தால், கல்யாணத்துக்கு மாடு பிடிக்க என்னை பாந்திராவுக்குக் கூட்டிப்போகிறவர்கள் இப்போது வேறு ஆளைக் கூட்டிப்போகிறார்கள். வழியில் என்னைக் கண்டால் மூக்கைத் தடவிக் காட்டுகிறார்கள். கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. பெருமைக்காரனுக்குப் பெருமை போனால் வலிக்காதா? இதை நீ யாரிடமும் சொல்லாதே, மாப்பிள்ளையிடம்கூட. உன் சாம்பிராணிக் கதையையே சொல்லிக்கொண்டிரு, அது நன்றாக இருக்கிறது. ஆபா கடையை விட்டு வரமாட்டேன் என்று குர்லாவிலேயே இருக்கிறார். நாசிக்கில் நீதான் வீட்டுக்குப் பெரியவள். புதுக் கடை, புது ஜனங்கள், அவர்களுடைய நெடி முதலில் உனக்குக் கெட்ட நெடியாகத்தான் தெரியும். கழுவிக் கொட்டிவிடாதே, ஒரு தடவை உப்புப் போட்டு வேகவைத்துப் பார். பேத்தியிடம் தமிழில் பேசு. தலைவலித்தால் அவளிடமாவது தமிழில் சொல்லு.

நேற்று பாந்திராவில் ஒரு டாங்கி நின்றது. நாசிக் பக்கத்து மாடு என்றார்கள். அறுத்தபிறகு, யாரும் பார்க்காத நேரமாகக் கொழுப்பைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்தேன். மழையும் புல்லும் எண்ணெயுமாக அதே வாசம் வந்தது. இனி நீ மூச்சுவிடப் போகிற காற்று அது, என் பேத்தி விளையாடப் போகிற மண் அது. கையைக் கழுவ மனமில்லாமல் அப்படியே ரயிலேறிக் கடைக்கு வந்தேன். அன்றைக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு நான் சொன்னது பொய். இன்றைக்கு யாராவது என் கண்ணைக் கட்டி இரண்டு கிண்ணத்தையும் வைத்துக் கேட்டால், அதே கிண்ணத்தின்மேல்தான் கையை வைப்பேன். இதுதான் என் மாடு.

உன் வாப்பா